முன் சீட்டுப் பரணி

இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் நான் முன் சீட்டை விட்டு இறங்கப் போவதில்லை.

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி, மலை விடுதியின் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, உதடு அசையாமல், நுரை ஒரு துளியும் சிந்தாமல், தன் நெஞ்சுக்குள் மட்டும் இவ்வாறு சூளுரைத்த அந்த வீரத்திருமகளை வாழ்த்தித் தொடங்குகிறோம். அவளை நான்கு சக்கரங்களும் காக்க. தேய்ந்த பிரேக்கும் காக்க. குண்டும் குழியும் விலகிக் காக்க. டீசல் புகை வேறு திசையில் வீசிக் காக்க.

அவள் பெருமையைச் சொல்லி முடியாது. கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னே வீற்றிருந்து, டோக்கன் என்னும் செங்கோல் ஏந்தி, தன் அவசரமே உலகத்தின் அவசரம் என்று முழங்கிவரும் பெருந்தனக்காரரையும், டாக்டர் தனக்குத் தூரத்துச் சொந்தம் என்று புன்னகையோடு ஊடுருவும் ஒற்றரையும், குரலை உயர்த்தாத ஒற்றை வாக்கியத்தால் நாற்காலியில் அமரவைக்கும் பேராற்றல் வாய்த்தவள் அவள். ஊரார் எல்லோருக்கும் முறை வழங்கியவள். தன் முறை எப்போது வரும் என்று ஒருவரையும் கேட்டறியாதவள்.

இப்போரின் மூலத்தை அறிய, அவள் புதுமணப் பெண்ணாக இருந்த காலத்துக்குப் போக வேண்டும். கணவன் வீட்டாரோடு கிளம்பிய முதல் பயணத்தில், எங்கே உட்காருகிறாய் என்று யாரோ கேட்க, மரியாதைக்காக அவள் சொன்ன விடை ஒன்று உண்டு: "எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்." சொன்ன வாய் மூடுமுன்னே அச்சொல் சட்டமாயிற்று. கார் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் 'அவளுக்கு எங்கன்னாலும் சரி' என்று திருத்தம் பெற்றது. ஊர் திரும்பும்போது 'அவளுக்குப் பின்னாடிதான் பிடிக்கும்' என்று கல்லில் வெட்டியதுபோல் நிலைபெற்றது. அன்று தொட்டு, கார், வேன், ஆட்டோ, சொந்தக்காரர் வீட்டு டிராக்டர் என்று எதில் ஏறினாலும் அவளுக்குரிய இடம் பின்னாலேயே, சாமான்களுக்கு அருகிலேயே, காத்திருந்தது.

பின்னால் இருப்பவளுக்கு உலகம் வருவதில்லை; போய்விடுகிறது. முன்னால் இருப்பவர்கள் "அதோ மான்" என்று கூவுவார்கள். அவள் கழுத்தைத் திருப்பி, கண்ணாடியைத் துடைத்து, குனிந்து பார்க்கும்போது அங்கே ஒரு செடி ஆடிக்கொண்டிருக்கும். அவள் தன் வாழ்நாளில் கண்ட மான்கள் யாவும் ஆடிக்கொண்டிருந்த செடிகளே.

அப்படிப்பட்டவள் காதில், முந்தைய நாள் மாலை, சவாரி பேச வந்த ஜீப் ஓட்டுநர் ஒரு சொல்லைப் போட்டுவிட்டார். உச்சிக்குப் போகும் கடைசி வளைவில் திரும்பினால், பள்ளத்தாக்கு மொத்தமும் ஒரே வீச்சில் விரியுமாம். "முன் சீட்ல இருக்கறவங்களுக்குத்தான் அது. பின்னாடி இருந்தா இறங்கித்தான் பாக்கணும்." மற்றவர்கள் வாடகையில் கவனமாக இருந்தார்கள். இவள் மட்டும் அச்சொல்லை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அது இரவு முழுவதும் கிடந்து உறுத்தியது.

இனிப் போர்க்களம். கதவில்லாத அந்தப் பச்சை நிறத் தேரில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சிம்மாசனம். ரெக்சின் கிழிந்து, நடுவில் ஒரு ஸ்பிரிங் தலைதூக்கி நின்றாலும் சிம்மாசனம் சிம்மாசனமே. பின்னே எதிரெதிராக இரண்டு பலகை பெஞ்சுகள்; நால்வர் அமர்ந்தால் எட்டு முழங்கால்களும் ஒன்றையொன்று பொரும். அவற்றுக்கு நடுவே ஸ்டெப்னி டயரும், தண்ணீர் கேனும், திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டோடும் ஜாக்கியும் வாழ்ந்தன.

பனி விலகாத காலையில், மற்றவர்கள் இரண்டாவது காப்பிக்குச் சர்க்கரை தேடிக்கொண்டிருக்கையில், நாயகி படியிறங்கி வந்து முன் சீட்டில் ஏறி அமர்ந்தாள். கேட்க ஆளில்லாத கோட்டையைக் கைப்பற்றிய அந்தக் கணத்தில் முரசு அதிரவில்லை, சங்கு ஊதவில்லை, ஓட்டுநர் மட்டும் கண்ணாடியைத் துடைத்தபடி ஒருமுறை தும்மினார்.

அப்போது எதிரியின் முன்படை வந்தது. அது தைல வாசம். அதைத் தொடர்ந்து, இரு முழங்கால்களிலும் உறை பூட்டி, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகக் கவசம் அணிந்து, தோளில் மாத்திரைப் பையாகிய அம்பறாத்தூணி அசைய, கணவனின் அக்காவாகிய பெருமாட்டி நடந்து வந்தாள். வலியையே வாளாகவும் பெருமூச்சையே வேலாகவும் கொண்டு, பேருந்திலும் திருமண மண்டபத்திலும் அவள் வென்றெடுத்த இருக்கைகளை வரிசையாகப் போட்டால் ஒரு சபையே கூட்டலாம்.

"என்னம்மா, முன்னாடி ஏறிட்ட?" என்றாள் பெருமாட்டி, கெடுதல் எண்ணம் துளியும் இல்லாமல். "பையில எதாவது தேடறியா?"

கெடுதல் எண்ணம் இல்லாத எதிரியோடு போரிடுவது எவ்வளவு கடினம் என்பதைப் போர்நூல்கள் எழுத மறந்துவிட்டன. நாயகி விடைக்குச் சொல் தேடுமுன், அவள் வயிற்றில் பிறந்த மகளே, காதிலிருந்து இயர்போனைக்கூட எடுக்காமல் தீர்ப்பளித்தாள்.

"அம்மாவுக்குப் பின்னாடிதான் பிடிக்கும். நீங்க உக்காருங்க அத்த."

மனம் மறுத்தது. ஆனால் கால்கள், நெடுங்காலப் பழக்கத்துக்கு விலைபோன அந்தத் துரோகிகள், அவளைக் கேளாமலே கீழே இறங்கிவிட்டன. முன் சீட்டின் சூடு ஆறுவதற்குள் அவள் தண்ணீர் கேனை அணைத்தபடி பின்பெஞ்சில் இருந்தாள். முதற்போர் முடிந்தது.

ஜீப் கிளம்பியது. எதிரே அமர்ந்த பெருமாட்டியின் கணவர் கைப்பேசியை உயர்த்தி "சிக்னல் போச்சு" என்று அறிவித்தார். சிறிது தூரத்தில் "சிக்னல் வந்துடுச்சு" என்று அறிவித்தார். அன்றைய நாள் முழுவதும் அவர் உலகுக்கு வழங்கிய செய்திகள் இவ்விரண்டே. இரு தரப்புக்கும் பொதுவானவனாகிய நாயகியின் கணவன் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நடுநிலை காத்தான். தேயிலைச் சரிவுகள் போய்விட்டன. ஒரு மரப்பாலம் போய்விட்டது. "அதோ, மயில்" என்றார் ஓட்டுநர். ஒரு செடி ஆடிக்கொண்டிருந்தது. நாயகி எட்டி முன்னே பார்த்தாள். சிம்மாசனத்தில் பெருமாட்டி வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த உறக்கத்தைப் பார்த்தபோதுதான் நாயகியின் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்தது. கோபம் என்று அதற்குப் பெயரிட அவளுக்கு விருப்பமில்லை. பசித்தவள் முன்னால் ஒருவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனால் வருவது கோபம்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். விடை கிடைக்குமுன் அருவி வந்துவிட்டது.

படிகள் செங்குத்தாக இறங்கின. அனைவரும் கிளம்பினர். நாயகி அசையவில்லை. எதிரியின் ஆயுதசாலைக்குள் முதன்முறையாகக் கைவிட்டு, அங்கிருந்த வாளை உருவினாள்: தனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை. பெருமாட்டி தன் தைலக் குப்பியைக் கருணையோடு அவள் கையில் கொடுத்துவிட்டு, உறை பூட்டிய கால்களால் வெள்ளாடுபோல் படியிறங்கிப் போனாள்.

ஓட்டுநர் பன்னைப் பிய்த்துத் தின்னப் போனார். நாயகி இறங்கி, சுற்றி வந்து, முன் சீட்டில் ஏறினாள். மரங்களுக்கு அப்பால் அருவியின் ஓசை மட்டும் கேட்டது. ஒரு கிழிந்த சீட்டுக்காக ஓர் அருவியைக் கொடுத்துவிட்டோமே, இது என்ன சிறுபிள்ளைத்தனம் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு, சிறுபிள்ளையாக இருந்தபோதும் தான் இப்படி எதற்கும் அடம்பிடித்ததில்லையே என்று தோன்றியது. ஸ்பிரிங் குத்தியது. அவள் சற்றே ஒருக்களித்து அமர்ந்து காத்திருந்தாள்.

ஈரத்தலைகளோடு படை திரும்பியது. சிம்மாசனத்தில் ஆள் இருப்பதைக் கண்ட பெருமாட்டி, கம்பியைப் பற்றி ஒரு காலைப் படியில் வைத்து, போர்க்களம் கண்ட பெருமூச்சுகளிலேயே மிக நீண்ட ஒன்றை விடுத்தாள். கணவனும் காமிராவைத் தாழ்த்தி வாய் திறந்தான்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்."

ஆயிரம் யானைகள் செய்ய முடியாததை அந்த ஒரு சொல் எத்தனை வீடுகளில் செய்து முடித்திருக்கிறது. நாயகியின் துரோகக் கால்கள் இறங்கத் துடித்தன. ஆனால் அக்கணத்தில், கால்களைவிடப் பழக்கப்பட்ட வேறொன்று முந்திக்கொண்டது. அது அவள் வாய். நிமிர்ந்து பார்க்காமலே, வரவேற்பு மேசைக்குப் பின்னிருந்து வரும் அதே குரலில், அவள் சொன்னாள்:

"கொஞ்ச நேரம் உக்காருங்க. நம்பர் வந்ததும் கூப்பிடறேன்."

அந்தக் குரலுக்கு அடங்காதவர் இல்லை. பெருமாட்டி திரும்பி நடந்து பின்பெஞ்சில் அமர்ந்தாள். அவள் கணவர் அமர்ந்தார். நாயகியின் கணவனும், இயர்போனைக் கழற்றிவிட்டு மகளும், ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தனர். ஸ்டெப்னிமேல் கால் இடித்த பிறகுதான் எந்த நம்பர் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஓட்டுநர் கியரைப் போட்டுவிட்டார்.

என்னே அந்தப் பாதை! அது வந்தது. முதன்முறையாக அவளை நோக்கி வந்தது. ஒவ்வொரு குழியும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தது. தொலைவில் பொட்டாகத் தெரிந்த மரம் கிளையாகி, இலையாகி, நிழலாகித் தலைக்குமேல் கடந்தது. ஒரு திருப்பத்தில், சாலையோரப் புல்லில், முழு மான் ஒன்று நின்றது. அதற்கு முகம் இருந்தது. ஈரமான மூக்கு இருந்தது. அது அவளைப் பார்த்தது. 'அதோ' என்று அவள் சொல்லவில்லை. ஓட்டுநரும் ஏனோ சொல்லவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு செடி ஆடியது.

பிறகு அந்தக் கடைசி வளைவு. தேர் முனகியது, எஞ்சின் கர்ஜித்தது, இடப்புறம் பாறையும் வலப்புறம் பாதாளமுமாகப் பாதை சுருங்கியது, காலமெல்லாம் பின்னே பார்த்த கண்களிரண்டும், இமைப்பதையும் குற்றமென்று எண்ணி, விரியக் காத்திருக்கும் பள்ளத்தாக்கை ஒரே மிடறில் விழுங்கத் துணிந்து, அகலத் திறந்து நிற்க, ஜீப் திரும்பியது.

வெள்ளை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. வெளுத்த வேட்டியைக் கண்ணெதிரே உலர்த்தியதுபோல் மூடுபனி.

காத்திருந்தார்கள். பனி இன்னும் கொஞ்சம் தடித்தது. கணவன் அதையும் படம் பிடித்தான். பெருமாட்டியின் கணவர் சிக்னல் போச்சு என்றார். மகள் முன்னால் வந்து, சீட்டின் கம்பியில் தாடையை வைத்து, தாயின் முகத்தைப் புதிதாகப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடி பிடிக்குமாம்மா? சொல்லவே இல்லையே."

யாரும் கேட்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் ஒருமுறை கேட்டார்கள். அன்று தான் சொன்ன விடையும் அவளுக்கு நினைவிருந்தது. மகளின் ஈரக் கூந்தலைக் காதுக்குப் பின் ஒதுக்கிவிட்டாள்.

திரும்பும் நேரம் வந்தது. பெருமாட்டி குளிரில் நடுங்கியபடி, ஸ்வெட்டர்களை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓரமாக வந்து நின்றாள். இம்முறை பெருமூச்சில்லை. குரலில் உண்மையான அன்பே இருந்தது.

"ஒண்ணும்தான் தெரியலையே. இறங்கறப்ப நான் முன்னாடி வந்துடறேன்மா. உனக்குத்தான் எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானே?"

பார்க்க ஏதுமில்லாத அந்த வெள்ளையை நாயகி சிறிது நேரம் பார்த்தாள். கால்கள் அசையவில்லை.

"இல்ல அண்ணி," என்றாள் மெதுவாக. "ஒண்ணு இல்ல."

விடுதி போய்ச் சேரும்வரை சீட்டின் ஸ்பிரிங் குத்திக்கொண்டே இருந்தது.