ரொட்டி வண்டியில் டீசல் ஹீட்டர்

எனக்கு நடப்பது பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு பாலக்கரையில், ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில். பஸ் ஆபீஸ் வாசலுக்கு இருநூறு அடி தள்ளி நிற்கும். அந்த இருநூறு அடியைக் குறைக்கக் கண்டக்டரிடம் மூன்று வருடம் நயமாகப் பேசிப் பார்த்தவன் நான். நாற்பத்தாறு வயதில் ஒரு நரைகூட இல்லாத என் சுருட்டை முடிக்கும் இதுதான் காரணம் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அலையாத உடம்பு.

அப்படிப்பட்ட பிலோமின்ராஜ், எண்பத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரண்டுகொண்டு ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். "மாதாவே, இந்தக் கல்லு மட்டும் வெளிய வந்துட்டா, வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன்."

கிட்னியில் கல். அந்த வலியில் மனிதன் இமயமலையைக்கூட உருண்டே ஏறுவதாக ஒப்புக்கொள்வான். ஆனால் நான் கத்தியதைப் பதினெட்டுக் கட்டில் ஜனங்களும் கேட்டார்கள். இரண்டு நர்ஸுகள் கேட்டார்கள். எல்லோரையும் விடுங்கள், என் மனைவி அமலராணி கேட்டாள். அவள் கணக்கு டீச்சர். போன வருடம் யார் எத்தனை மார்க் வாங்கினான் என்பதை நோட்டைப் பார்க்காமல் சொல்லுவாள்.

மறுநாளே கல் வந்துவிட்டது. மிளகில் பாதிகூட இல்லை. அமலராணி அதை மாத்திரை டப்பாவில் போட்டு, வீட்டிலுள்ள மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டாள். தினமும் சாயங்கால ஜெபத்தில் நான் அதன் முகத்தில் விழிக்க வேண்டியதாயிற்று.

"வாழைத்தண்டுச் சாறு குடிச்சேன்ல, அதுலதான் கல்லு வந்துச்சுன்னு டாக்டரே சொல்றாரு," என்றேன் ஒரு நாள்.

"டாக்டர்கிட்டயா நடந்து வரேன்னீங்க?"

"வெள்ளியில ஒரு கிட்னி வாங்கிக் காணிக்கை போட்டுடலாம். கடையெல்லாம் அங்கயே இருக்கு."

"கிட்னி நடந்து வரும்னா சொன்னீங்க?"

"சரி, அன்னிக்கு நீயும் என் தலைமாட்டுல நின்னு ஏதோ முணுமுணுத்தியே. நீ என்ன வேண்டிக்கிட்ட?"

"அது எனக்கும் மாதாவுக்கும் உள்ளது. நீங்க நடந்து முடிங்க, சொல்றேன்."

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருடாவருடம் ஆகஸ்ட் கடைசியில் நாற்பது ஐம்பது பேர் காவி கட்டி, கொடி பிடித்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போவார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர். ஐந்து நாள். வழியில் கூடாரம் அடித்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி பின்னால் வரும். அந்த வண்டியை நினைத்தபோதுதான் எனக்கு வெளிச்சம் பிறந்தது. வண்டியில் இருப்பவன் நடக்க வேண்டியதில்லை.

வண்டி ஒன்று எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தில் சும்மா நின்றது. மச்சான் பேக்கரியை மூடியபோது தள்ளிவிட்டுப் போன பழைய மேட்டடார் வேன். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர். "நீங்க இறங்கி நடங்க, நான் ஓட்டறேன்" என்று எவனாவது புண்ணியவான் முன்வந்துவிட்டால்? என்னைத் தவிர வேறு யாராலும் தொட முடியாத ஒரு சாதனம் அந்த வண்டிக்குள் இருக்க வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். நடப்பவர்களுக்கு ஐந்து நாளும் வேண்டியது என்ன? வீங்கிய காலுக்கு உப்புப் போட்ட வெந்நீர். மழையில் விறகு நனைந்தால் வெந்நீர் ஏது? ஆகவே, டீசல் ஹீட்டர்.

பங்குச் சாமியார் செபஸ்தியான் ஃபாதரிடம் போய் யோசனையைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "உங்க நேர்ச்சை என்ன ஆகுது?" என்றார். ஊருக்கே தெரிந்திருந்தது.

"ஹீட்டரை விட்டுட்டு நான் எப்படி ஃபாதர் நடக்கிறது? கை பழகாதவங்க தொட்டா ஆபத்து. ஐம்பது பேரு காலுக்குச் சேவை செய்யறதும் நடக்கிற மாதிரிதானே?"

அவர் யோசித்தார். "வேற ஆளே இல்லைன்னா, சேவையே நேர்ச்சையா இருக்கட்டும்."

முதல் பாதியை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் பாதியை நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

அரியமங்கலத்தில் காத்தான் என்ற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஹீட்டரா சார்? திருச்சியிலயா?"

"ஏன்?"

"வண்டிய வெயில்ல நிறுத்துனா போதும் சார். தண்ணி என்ன, நீங்களே வெந்துடுவீங்க."

ஆபீஸ் சூப்பிரண்டும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். "மத்தியானம் ஸ்ரீரங்கத்துல எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தானேய்யா வர்றது." விஞ்ஞானம் வளர விடாதவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

பத்து நாள் லீவு போட்டேன். ரொட்டித் தட்டு அடுக்கிய இடத்தில் இரும்புப் பெட்டி. மேலே சின்ன டீசல் டாங்கி. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசல் இறங்கிக் கிண்ணத்தில் எரியும். நெருப்பைச் சுற்றிச் செம்புக் குழாய், அதற்குள் தண்ணீர். கூரையைத் துளைத்து மேலே ஒரு புகைபோக்கி, மழை இறங்காமல் அதற்கொரு மூடி. காத்தான் கெட்டிக்காரன். ஆறே படியில் பற்றவைக்கிற மாதிரி செய்துவிட்டான்.

"இன்னும் ரெண்டு வால்வு வை," என்றேன்.

"எதுக்கு சார்?"

"இருக்கட்டும். டீசல் வர்ற குழாயை இன்னொரு சுத்துச் சுத்தி விடு. சின்னக் காத்தாடி ஒண்ணும் மாட்டு, அதுக்குத் தனி ஸ்விட்ச்."

"இதெல்லாம் எதுக்குமே வேணாம் சார். சும்மா சிக்கலாவும்."

"அதேதான் காத்தான். அதேதான்."

ஆறு படி பதினொன்று ஆயிற்று. முதலில் புகைபோக்கி மூடியைத் திறக்க வேண்டும், பிறகு மேல் வால்வு கால் சுற்று, பிறகு நடு வால்வு அரைச் சுற்று என்று போய், கடைசியில் காத்தாடி. ஒரு படி தவறினாலும் சரியாக எரியாது. நான் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவை.

உண்மையாகவே தூங்கினேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் விட்டதும் அமலராணி கேரியரில் சாப்பாடு கொண்டு வருவாள். காத்தானுக்கும் சேர்த்து. கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், ரசம். ஹீட்டரை வேடிக்கை பார்த்தபடி, "இது என்னங்க? அது எதுக்குங்க?" என்று கேட்பாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் என்னிடம் சந்தேகம் கேட்டது அப்போதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு படியையும் விலாவாரியாகச் சொல்லுவேன். சொல்லிக் களைத்து வேனின் நிழலில் துண்டை விரித்துப் படுப்பேன். கண் மூடும்போது அவள் ஹீட்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

ஞாயிறு பூசை முடிந்து வண்டியை மந்திரிக்கக் கோயில் வாசலில் நிறுத்தினேன். நடைக்குப் பெயர் கொடுத்த எல்லோரும் கூடிவிட்டார்கள். ஃபாதர் வெள்ளை அங்கியோடு வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பிறகு, "எங்க, பத்த வைங்க பார்ப்போம்," என்று வேனுக்குள்ளேயே ஏறி நின்றுகொண்டார்.

அத்தனை கண்களுக்கு முன்னால் எனக்கு அவசரம் வந்துவிட்டது. மேல் வால்வு, நடு வால்வு, தீக்குச்சி, காத்தாடி. குபுக்கென்று கரும்புகை கிளம்பியது, வண்டிக்குள்ளேயே. ஃபாதர் இறங்கி வந்தபோது அங்கி வெள்ளையென்று சொன்னால்தான் தெரியும். நான் எல்லா வால்வையும் திருகி நெருப்பை அணைத்தேன்.

"பாருங்க ஃபாதர், எனக்கே இந்தக் கதி. மத்தவங்க தொட்டா என்ன ஆகும்?" என்று அப்போதும் சமாளித்தேன்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் அமலராணி.

கையில் ஜெபமாலை. வேன் மேல் கை நீட்டி, நான் மறந்துபோன புகைபோக்கி மூடியைத் திறந்தாள். விரலில் ஜெபமாலையின் ஒரு மணி நகர்ந்தது. மேல் வால்வு, ஒரு மணி. நடு வால்வு, ஒரு மணி. பத்துச் சின்ன அருள்நிறை மணியும் அதற்கடுத்த ஒரு பெரிய மணியுமாகப் பதினொன்றும் நகர்ந்து முடிந்தபோது ஹீட்டர் பூனை மாதிரி உறுமிக்கொண்டு எரிந்தது. கால் மணி நேரத்தில் குழாயில் வெந்நீர் கொட்டியது. நான் தூங்கிய பத்து நாளும் காத்தான் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறான்.

ஃபாதர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற ஆள் இருக்காங்களே, பிலோமின்."

"வண்டி ஓட்டணுமே ஃபாதர்," என்றேன்.

"நான் ஓட்டறேன் சார்," என்றான் கூட்டத்திலிருந்து காத்தான். "எங்க வீட்டுலயும் மாதாவுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. டீச்சரம்மா போன வாரமே கேட்டுட்டாங்க."

நடந்தேன். துவாக்குடி வருவதற்குள் செருப்பு பகையாளி ஆனது. செங்கிப்பட்டியில் கால் என்னுடையதா என்று சந்தேகம் வந்தது. அங்கே அமலராணி வண்டியிலிருந்து இறங்கி, வாளியில் உப்பு வெந்நீர் ஊற்றி, என் காலை அவளே எடுத்து உள்ளே வைத்தாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது. கோபத்தோடு போட்டி போட்டுக் கண்ணீர்தான் ஜெயித்தது. தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகை, எல்லா இடத்திலும் என் ஹீட்டர் எரிந்தது, என் காலும் எரிந்தது.

ஐந்தாம் நாள் கடல் காற்று முகத்தில் பட்டது. கோயிலுக்குள் மாத்திரை டப்பாவை நீட்டி முழங்காலில் நின்றபோது, ஏமாற்றப் பார்த்ததற்கு மாதாவிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன். வெளியே வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர், நான். சுருட்டை முடியைக் கோதிக்கொண்டு வேன் பக்கம் போனேன்.

"என் நேர்ச்சை முடிஞ்சுது அமலா. இப்பச் சொல்லு, அன்னிக்கு நீ என்ன வேண்டிக்கிட்ட?"

"கல்லு வந்து, நீங்களும் ஏமாத்தாம முழுசா நடந்துட்டீங்கன்னா, மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"நீயா?" எனக்குப் பதறிவிட்டது. "உனக்கு எதுக்கும்மா மொட்டை?"

"எனக்கு இல்லைங்க. உங்களுக்கு."

"வேண்டிக்கிட்டது நீ. மொட்டை எனக்கா?"

"கல்லு யாருக்கு இருந்துச்சு?"

கணக்கு டீச்சர். கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. "மொட்டை போடற இடத்துல பச்சத்தண்ணிதான் அமலா. எனக்குச் சளி பிடிச்சுக்கும், உனக்கே தெரியும்."

அவள் ஜெபமாலைக் கையால் வேனைக் காட்டினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன், புகைபோக்கி மூடி ஏற்கனவே திறந்திருந்தது.