மூன்றாம் பக்கம் வரட்டும்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அடுத்தவர் பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு என்பது என் எண்ணம். (திமிர்தான். இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.)

மருமகள் செல்வி கள்ளக்குறிச்சியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் வாதம் நிற்குமா, நிற்காதா என்று அலசி எழுத வேண்டும். ஒருமுறை எழுதித் தேறவில்லை; இதுதான் கடைசி வாய்ப்பு. கட்டுரை கரும்புக்காட்டுப் பெண்களைப் பற்றியது. கச்சிராயபாளையத்தில் நாற்பது வருடம் கரும்பு போட்டவள் சும்மா இருப்பேனா?

அவள் படித்தாள்: "கரும்பு விவசாயத்தில் பெண்கள் வெறும் கையாள்கள், முடிவெடுப்பவர்கள் ஆண்களே..."

"நிறுத்துடி! எந்தக் கரும்புத் துண்ட, எந்தக் கரணைய நடணும்னு உங்க மாமாவுக்குத் தெரியுமா? எய்து! இந்தாளு கரும்ப ஜூஸ் கடையிலதான் பாத்திருக்கான்."

"அத்தே, இன்னும் முடியல..."

"இன்னா முடியல? பஞ்சாயத்துல ஒருத்தன் எழுந்தா மொதல்ல அவன் கட்சியத்தானே பேசுவான்? எய்துடி!"

இரண்டு பக்கம் கேட்டு, நான்கு பக்கம் திட்டினேன். அந்த வீட்டில் என் பேச்சை மீறி அப்போது யாரும் பேனாவைக்கூட மூடியதில்லை.

அவள் எழுதியதைக் கொடுக்கிற அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நானும் கல்லூரிக்குப் போனேன். (பாராட்டை நேரில் வாங்க.) எல்லாம் நான் சொன்னதுதான் என்று முந்திக்கொண்டு சொன்னேன். பேராசிரியை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் கட்டுரையோட மூணாம் பக்கம் படிச்சீங்களாம்மா?"

படித்துக் காட்டினார். "இப்படித்தான் இதுவரை சொல்லி வந்தார்கள். அது தவறு." நான் திட்டியதையெல்லாம் அந்த மனுஷன் எனக்கு முன்பே, நாகரிகமாகச் சொல்லி வைத்திருந்தார். படித்தவர்கள் எதிராளியின் கட்சியை முதலில் தாங்களே எடுத்துச் சொல்வார்களாம்! எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் இந்த வழக்கம்?

செல்வி தலை நிமிரவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்குச் சுட்டது.

"தப்பு என்னுதுங்க. அவ முடியலன்னுதான் சொன்னா. நான்தான் வுடல."

திங்கட்கிழமை வரை தவணை கிடைத்தது. இந்தமுறை வாயைத் திறக்காமல் கடைசி வரி வரை கேட்டேன். "எல்லா முடிவும் பெண்களுடையதே" என்று முடிந்தது. மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் உறுத்தியது.

"ஏண்டி, கரும்ப வெட்டச் சொல்லி ஆலையிலேர்ந்து கட்டிங் ஆர்டர் யார் பேர்ல வருது?"

"மாமா பேர்லதான் அத்தே."

"அப்ப இந்தாளு கொஞ்சம் ஜாஸ்தியா சொல்லிட்டாரு. எய்திக்கோ."

என்னைப் பெருமைப்படுத்திய கட்டுரைக்கு எதிராக நானே சாட்சி சொன்னேன். செல்வி தேறினாள்.

இன்றும் என் வீட்டுக்காரர் பேசும்போது நான் குறுக்கே புகுந்தால், கையைத் தூக்கிவிடுவார்: "மூணாம் பக்கம் வரட்டும், இரு." முறைத்துக்கொண்டே காத்திருப்பேன். பெரும்பாலும் மூன்றாம் பக்கத்திலும் அவர் தப்பாகத்தான் பேசுகிறார்.