வலம் வந்த மாப்பிள்ளை

அம்மாவும் மாமாவும் பின்சீட்டில் உட்கார்ந்து கார் நகர்ந்ததுதான் தாமதம், அடியிலிருந்து 'கர்ர்ர்' என்று சத்தம் வந்தது. ரப்பர் கருகும் வாடையும் கூடவே வந்தது.

"ஏலே ஏசுவடியான், பொண்ணு வீட்டுக்குப் போறமா, பொசுங்கிச் சாவப் போறமா?" என்றாள் அம்மா.

ஏசுவடியானுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் அருளப்பன் வீட்டில் இன்று நிச்சயத்துக்கு நாள் குறிக்கிறார்கள். பெண் பார்க்கப் போனபோது இன்பம் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனுடைய பழைய பியட்டைப் பார்த்துத்தான் களுக்கென்று சிரித்துவிட்டாள். "எங்கப்பா வச்சிருக்க பியட்டே இதவிட எளசா இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுதான் ராஜபாளையத்து மெக்கானிக் சேக் முகைதீன் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தாழ்த்தினார். பிறகு நாலு அகலமான வீல்களை உருட்டிக்கொண்டு வந்தார். நட்சத்திர வடிவம், நடுவில் சிவப்பு மூடி.

"ஒருத்தர் காலையில மாட்டிட்டுப் போனாரு, சாயங்காலமே வந்து கழட்டிட்டாரு. புத்தம் புதுசு."

"ஏன் கழட்டுனாரு?"

"ஆசை தீந்துருச்சாம்."

மாட்டியதும் கார் சினிமா வில்லன் காரைப் போல இருந்தது. நகராமல் நின்றவரை ஒரு குறையும் இல்லை.

அம்மாவையும் மாமாவையும் பஸ் ஏற்றிவிட்டு அவன் காரோடு பட்டறைக்கு ஓடினான். முகைதீன் மட்கார்டின் ஓரத்தைச் சுத்தியலால் அடித்து மடக்கினார். பெயிண்ட் அப்பளமாக உதிர்ந்தது. இப்போது வலப்பக்கம் வெண்ணெயாகத் திரும்பியது. இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் அதே 'கர்ர்ர்'.

"லெப்ட்டுல ஒடிச்சா வண்டி ரைட்டுல சாயுது. அங்கன நீங்கல்லா இருக்கீக!" என்று முகைதீன் அவன் தொந்தியைப் பார்த்தார்.

எடையைச் சரிக்கட்ட இடப்பக்க சீட்டில் ஓர் அரிசி மூட்டையை வைத்தார்கள். இரண்டு பக்கமும் உரசியது. மூட்டையை இறக்கினார்கள்.

"பேசாம ரைட்டுலயே திரும்பிப் போங்க தம்பி" என்றார் முகைதீன்.

ஊர்வரை நேர் ரோடுதான், தொல்லை இல்லை. ஒருவழிப் பாதையான ஆண்டாள் கோயில் ரத வீதியில் ஏறிய பிறகுதான் விபரீதம் புரிந்தது. அருளப்பன் வீட்டுச் சந்து இடப்பக்கம் இருந்தது.

சந்து முனையில் எல்லாரும் காத்திருந்தார்கள். இன்பம் புதுச்சேலையில் இருந்தாள். ஏசுவடியான் ஒடித்தான். கார் அலறியது. பூக்காரி பிச்சையம்மாள் கூடையோடு எழுந்து ஓடினாள். அவன் ஸ்டீயரிங்கை நேராக்கி, சும்மா ஒரு ரவுண்டு போகிறவனைப் போலக் கையசைத்துவிட்டுப் போனான்.

வலம், வலம், வலம், வலம். கோயிலைச் சுற்றி அதே முனைக்கு வந்தான். மறுபடியும் அலறல்.

"எங்கலே போற?" என்று அம்மா கத்தினாள்.

இறங்கி நடந்திருக்கலாம். காரை வாசலில் நிறுத்தி இன்பத்துக்குக் காட்டாவிட்டால் இத்தனை பாடு எதற்கு? மூன்றாவது சுற்றில், பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் பானெட்டில் துளசி மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். ஏசுவடியான் தோற்றுப்போய்ச் சந்து முனையிலேயே நிறுத்தினான்.

தொந்தி முன்னால் வர, அருளப்பன் பின்னால் வந்தார்.

"நான் சர்ச் கமிட்டி மெம்பரு. மாப்பிள்ளை பேரு ஏசுவடியான். கோயிலுக்கு மூணு சுத்து, வண்டிக்குத் துளசி மாலை! நாளைக்குப் பாஸ்டர் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"வேண்டுதல் இல்ல மாமா. அகல வீலு போட்டதுல வண்டி இடப்பக்கம் திரும்ப மாட்டேங்கு."

"இடப்பக்கம் திரும்பாத காரு உலகத்துல உண்டா? யாருக்குய்யா காது குத்துதீரு? இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

இன்பத்தின் கண் கலங்கியது.

அதுவரை குனிந்து வீலையே பார்த்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள், சிவப்பு மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு சுத்துக்கே சம்பந்தத்தை முறிக்கீகளே அண்ணாச்சி! இதே வீலை மாட்டிக்கிட்டு நீங்க போன மாசம் ஏழு சுத்துல்லா சுத்துனீக!"