எக்ஸ்போர்ட் அண்ணாச்சியும் ஒரு லோக்கல் பீஸும்

உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்த ஒரே மனிதர், தாராவியில் தோல் பை தைக்கும் எக்ஸ்போர்ட் அண்ணாச்சிதான். நன்றாக இருந்தால் எக்ஸ்போர்ட், சுமாராக இருந்தால் லோக்கல். அவர் தைத்த பை எக்ஸ்போர்ட். பக்கத்துக் கடைக்காரர் தைத்த பை லோக்கல். சீக்கிரம் முடிந்த பிரசங்கம் எக்ஸ்போர்ட். அவருடைய மச்சினன் மட்டும் இரண்டிலும் சேராமல் 'டேமேஜ்' என்று தனியாகக் கிடந்தார்.

அந்த வீட்டில்தான் நான் ஒரு செமஸ்டர் தங்கிப் படித்தேன். எங்கள் ஊர்ப்பக்கக் கல்லூரி ஒன்றும் மும்பைக் கல்லூரி ஒன்றும் மாணவர்களை மாற்றிக்கொண்டன. ஹாஸ்டலில் இடமில்லை என்று, திருச்சபை மூலமாக ஒரு தமிழ்க் குடும்பத்தில் தங்க ஏற்பாடு செய்தார்கள். "எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட்" என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி காதில் அது 'வெள்ளைக்காரி' என்றே விழுந்திருக்கிறது.

குர்லா டெர்மினஸில் 'வெல்கம்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நேராகப் போய் அதற்கு முன்னால் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. ஃபாரின் பிள்ளை வருது, மறைக்காத."

"அண்ணாச்சி, நான்தான் அந்த எக்ஸ்சேஞ்சு."

தோலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"திசையன்விளை."

அட்டை மெல்லக் கீழே இறங்கியது. "எங்க ஊருக்குப் பக்கத்து ஊருல்லா" என்றார், துக்கச் செய்தி கேட்ட குரலில்.

பிறந்த ஊருக்காக நான் ஒருத்தரிடம் ஸாரி சொன்னது அன்றைக்குத்தான்.

டாக்ஸியில் ஏறியதும் அட்டையை மடித்துக் காலடியில் போட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சந்து பூராவும் சொல்லிட்டேன் தாயி. ஃபாரின் பிள்ளை நம்ம வீட்டுக்கு வருதுன்னு. இப்ப போய் திசையன்விளைன்னா என் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்? நீ சிங்கப்பூருன்னு வச்சுக்கிடுவோமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு வீடில்லை என்பது அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. சிங்கப்பூர்க்காரியாகவே போய் இறங்கினேன்.

கீழே தையல் மெஷின்கள், மேலே ஒரே அறை. வாசல் எப்போதும் திறந்தே இருக்கும், போகிற வருகிற எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் காலையில் எனக்குப் பிரெட், ஜாம். ராத்திரி பிரெட், ஆம்லெட். அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தால், குடும்பமே திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சாப்பிடும். வாசத்துக்கு மட்டும் திரை கிடையாது. நான் ஜாமைத் தடவிக்கொண்டே அழுகையை விழுங்குவேன்.

குழாயடியில் எனக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்று ஏற்பாடு. என் முன்னாலேயே பேசுவார்கள். "பாவம், பிள்ளைக்குத் தமிழே வராதாம். என்ன கருப்பு பாரு, சிங்கப்பூர்லயும் நம்மூரு வெயிலுதான் போல." சொல்லிவிட்டு, விருந்தாளிப் பிள்ளை என்று என் குடத்தை வரிசையில் முதலில் வைத்துவிடுவார்கள். நான் "தேங்க் யூ" என்பேன். அந்தத் தண்ணீரில் குளிக்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் போதகர் என்னை மேடைக்கு அழைத்தார். "சிங்கப்பூர் சகோதரி ரெண்டு வார்த்தை பேசுவார்கள்." முன் பெஞ்சில் அண்ணாச்சி காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் மைக்கைப் பிடித்து "குட் மார்னிங்" என்று ஆரம்பிக்கவும், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"ஏளா ஜெபா, நீ எப்பளா வந்த?"

ஊரில் எங்கள் அம்மாவின் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த வீட்டுச் சித்தி. மகளைப் பார்க்க வந்திருக்கிறாள். என் மூளை வாயை மூடச் சொன்னது. வாய் கேட்கவில்லை.

"போன மாசமே வந்துட்டேன் சித்தி. சொகமா இருக்கீயளா?"

மைக் எக்ஸ்போர்ட் குவாலிட்டி. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சபையே சிரித்தது. குழாயடிப் பெண்கள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார்கள். மேடையை விட்டு இறங்கவும் தெரியாமல் நின்றேன்.

அண்ணாச்சி எழுந்தார். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீய. நாந்தான் சிங்கப்பூருன்னு சொல்லச் சொன்னேன். நம்மூரு பிள்ளைதான் வந்திருக்குன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு." உட்கார்ந்தவர் ஆராதனை முடியும் வரை தலையை நிமிர்த்தவில்லை. அவர் ஒரே தடவை சொல்லச் சொன்னதைத் தினமும் குழாயடியில் நடித்தவள் நான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானம் எஸ்தர் அக்கா திரையை அவிழ்த்துத் துவைக்கப் போட்டுவிட்டு, என் முன்னால் தட்டை வைத்தாள். சோறு, கருவாட்டுக் குழம்பு. மூன்றாவது தடவை நான் தட்டை நீட்டியபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அண்ணாச்சி திரும்பினார்.

"இப்பிடிச் சாப்பிடுத பிள்ளைக்கா இத்தன நாளு பிரெட்டக் குடுத்தோம்?"

வாசலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அரே அண்ணாச்சி, சிங்கப்பூரு கருவாடு திங்குதா?"

அண்ணாச்சி இன்னொரு துண்டு கருவாட்டை என் தட்டில் போட்டார். "லோக்கல்தான்டே. வீட்டுக்குன்னு வச்சுக்கிட்டது."

செமஸ்டர் முடிந்து ஊருக்குக் கிளம்பினேன். ரயிலுக்குள் ஏறி என் பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, எதிரே இருந்த மனிதரிடம் அண்ணாச்சியே ஆரம்பித்தார். அந்த மனிதர் ஒன்றுமே கேட்கவில்லை. "நம்ம பிள்ளைதான். கொஞ்சம் பாத்துக்கிடுங்க. திசையன்விளை" என்றார். அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்து, "திசையன்விளை" என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

கல்யாண் ஸ்டேஷன் தாண்டும் வரைக்கும் எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் சரியாகத் தெரியவில்லை.