மாமாவின் பாஸ்வேர்டுகளை நான் பத்திரப்படுத்திய கதை

இன்டர்நெட்டில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவன் கையில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. நான் ஆறு பார்த்திருந்தேன்.

இன்ஜினியரிங் முடித்த கையோடு மாமாவின் பட்டறையில் சேர்ந்த புதிது. (அம்மாவின் தம்பி. விருதுநகர் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து, ஜூஜுவாடியில் ஷெட் போட்டு, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிறார்.) பேங்க், மெயில், ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் மாமாவிடம் ஒரே பாஸ்வேர்டு: அத்தை பேரும் 123-ம். அது லாரி ஓட்டும் பாஷா பாய்க்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். ஒருமுறை மாமாவே மறந்துபோய் டீக்கடைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனையையும் மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் வாயால் சொல்லவே முடியாத நீளத்தில் ஒரு பாஸ்வேர்டு. எல்லாம் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருளுக்குள். எல்லாச் சாவிகளையும் ஒரே பெட்டியில் போட்டு, பெட்டிக்குப் பூட்டுப் போடுவது மாதிரி.

“இனிமே கடவுளே வந்தாலும் திறக்க முடியாது மாமா” என்றேன்.

பிறகு மாமா புது லேப்டாப் வாங்கினார். பெட்டியைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்கென்றே அந்த மென்பொருளில் ஒரு பட்டன் இருந்தது. பட்டன் அழுத்துவதற்கா நாலு வருஷம் படித்தேன்? கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தேன். செட்டிங்ஸ் உட்பட எல்லாவற்றையும் சங்கேதமாக்கி ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். (கொடுத்தேன் என்றால், வீடியோவுக்குக் கீழே இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன்.) கோப்புக்கு ஒரு புதுப் பாஸ்வேர்டு கேட்டது. அங்கே தட்டுவது எதுவும் திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது. தட்டினேன். மறுபடி கேட்டது. மறுபடி தட்டினேன். இரண்டும் பொருந்துகிறது என்றது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, தடயமே இருக்கக் கூடாதென்று பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து அழித்தேன். (ஆறாவது வீடியோ.)

மறுநாள் மாமாவும் அத்தையும் திருப்பதி போய்விட்டார்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இருக்கும் எங்கள் பெரிய கஸ்டமருக்கு லோடு ஏறி, லாரி வாசலில் நின்றது. வண்டி கிளம்ப, சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டு பெட்டிக்குள். புது லேப்டாப்பில் கோப்பைத் திறந்தேன்.

பாஸ்வேர்டு தவறு என்றது.

நிதானமாகத் தட்டினேன். தவறு. எழுந்து நின்று தட்டினேன். தவறு. முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு தட்டினேன். தவறு.

பாஷா பாய் ஜன்னலில் தலையை நீட்டினார். “தம்பி, ரெண்டே நிமிசம்னு சொன்னீங்க. இஞ்சினை ஆஃப் பண்ணட்டுமா, இல்ல வண்டியையே வித்துடட்டுமா?”

“ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம் பாய்.”

“பழைய பாஸ்வேர்டுன்னா நானே சொல்லியிருப்பேன்.”

மாமாவின் போனுக்கு ஓ.டி.பி. வரவழைத்துப் புதிதாக மாற்றலாம். ஆனால் மாமா தரிசன வரிசையில், போன் லாக்கரில். அதற்குள் கஸ்டமரிடமிருந்து அழைப்பு. எங்கள் அக்கவுண்ட்ஸ் நாகவேணி அக்கா (ஊர் அத்திப்பள்ளிதான்) கன்னடத்தில் ஏதேதோ கெஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மத்தியான ஷிஃப்டுக்குள்ள சரக்கு வரலேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடுமாம். உங்க மாமாவுக்கு நீயே சொல்லிடு கார்த்தி. நான் லீவு.”

அந்த ஆர்டர் போனால் பட்டறையில் பாதி மிஷின்கள் நிற்கும். என் காதில் அப்போதே நின்றுவிட்டன.

மன்னிப்புக் கேட்டுத் தன் சொந்த மெயிலிலிருந்தாவது ஒன்று போடலாமென்று அக்கா லேப்டாப்பை இழுத்தார். உடனே முகம் சுளித்தார்.

“ஏனப்பா, இதுல கன்னட கீபோர்டே இல்லையே? பழசுல இருந்துச்சே, நேத்துகூட லெட்டர் அடிச்சேனே.”

“நேத்து எப்பக்கா?”

“நீ வந்து ‘எழுந்திருங்க, பெரிய வேலை இருக்கு’ன்னு விரட்டினியே, அதுக்கு மின்னாடிதான்.”

“அடிச்சு முடிச்சதும் இங்கிலீஷுக்கு மாத்தினீங்களா?”

“மாத்த எங்கே விட்டே?”

ஒட்டிய கட்டளை மட்டும்தான் ஆங்கிலம். கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு முறை நான் தட்டியது முழுக்கக் கன்னடம்!

கன்னட கீபோர்டைச் சேர்த்து, ஆங்கிலமென்று நினைத்துத் தட்டிய அதே விசைகளை முதலில் ஒரு வெற்றுப் பக்கத்தில் தட்டிப் பார்த்தேன். அக்கா வாய்விட்டுப் படிக்க முயன்று தோற்றார்.

“இது கன்னடமே இல்லப்பா. யாருக்கோ தும்மல் பாதியில நின்ன மாதிரி இருக்கு.”

அந்தத் தும்மலைப் போட்டேன். பெட்டி திறந்தது. பில் எடுத்து ஓடிப்போய் பாஷா பாயிடம் நீட்டினேன். ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்த அவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வழியில நிறுத்திக் கேட்டா, எந்த பாஷையில தும்மணும் தம்பி?”

சரக்கு ஷிஃப்டுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் தப்பியது. நான் தப்பவில்லை. மாமா திரும்பி வந்து லட்டைப் பிரிப்பதற்குள் பாஷா பாய் கதையைப் பிரித்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிக்கொண்டால், “கன்னடத்துல திருகிப் பாரு” என்கிறாள் அம்மா. ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கன்னடத்தில் உதைக்கச் சொல்கிறார்கள்.

போன மாதம் எனக்குப் பெண் பார்க்க ராயக்கோட்டை போனோம். தக்காளி மண்டி வைத்திருக்கும், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம், “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லை. மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மருமவனே, கன்னடத்துல அடிச்சுப் பாரு.”

அவள் நிமிர்ந்து பார்த்து, சிரிக்காமல், தெலுங்கில் ஏதோ சொன்னாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ஓசூரில் தெலுங்கு பழகிய மாமாவுக்குப் புரை ஏறியது. அர்த்தம் புரியாமல் விழித்தது நான் ஒருவன்தான்.

நிச்சயம் ஆகிவிட்டது. அன்றைக்கு என்ன சொன்னாள் என்று தினமும் போனில் கேட்கிறேன். “நீங்களே கண்டுபிடிங்க. மூணு தடவை தப்பாச் சொன்னா லாக் ஆயிடும்” என்கிறாள். இதுவரை இரண்டு முறை சொல்லிவிட்டேன்.