‘மோசமில்லை’ கிளைவ்

“‘மோசமில்லை’ன்னு சொன்னேனே! அதுக்கு மேல ஒரு மனுஷன் வாயைத் திறந்து என்னத்தைச் சொல்ல முடியும்?” என்று புரூக்ளினில் ஒரு மாடிப்படியில் நின்று சீறினார் கிளைவ் பார்கிட்டர்.

“அந்தம்மா அமெரிக்காக்காரி! நீங்க முணுமுணுத்தா அவங்களுக்கு என்ன தெரியும்?” என்று திருப்பிக் கத்தினாள் க்வெண்டா.

சண்டை கொஞ்சம் நிற்கட்டும். அந்த மனுஷரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்தான் கைதூக்கிவிடும் கனவான். பிழைக்க வந்த கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த இனம் முளைக்கும். நியூயார்க்குக்கு வந்த இங்கிலாந்துக் கலைஞர்களுக்கு வாய்த்தவர் கிளைவ். முப்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தும் காபியைக் கஷாயம் மாதிரி முகம் சுளித்தே குடிப்பார். ஊரிலிருந்து ஓவியனோ சிற்பியோ வந்திறங்கிய வாசனை பட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டைக் கையில் திணித்து, முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “கவலையை விடு, பெரிய இடத்துல ஒரு வார்த்தை போட்டு வெக்கறேன்” என்று காதில் ஊதி, நேரே இன்னொரு ஓவியனிடம் கொண்டுபோய் நிறுத்துவார். அவனும் வேலை தேடித்தான் வந்திருப்பான். வெள்ளத்தில் போகிற இரண்டு பேரைக் கைகுலுக்க வைத்துவிட்டுக் கரையில் நின்று பூரித்துப்போகிற ஆள்.

கெட்டவரா? அதுதான் இல்லை. கெட்டவராக இருந்தால் ஒரே நாளில் தலைமுழுகிவிடலாமே!

க்வெண்டா, இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற துறைமுகத்துப் பெண். காற்றில் கம்பி முறிந்து தெருவோரம் கிடக்கும் குடைகளைப் பொறுக்கி வந்து கடற்பறவைகள் செய்வாள். ஒன்றைப் பார்த்தால் பறந்து போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிடத் தோன்றும். என்ன இருந்து என்ன? ஒன்றும் விலைபோகவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் ஏதாவது விற்காவிட்டால் பட்டறையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பி, அண்ணன் கடையில் மீன் பொரிக்க வேண்டியதுதான்.

கிளைவைச் சும்மா சொல்லக்கூடாது. கடைசியில் நிஜமாகவே ஒரு பெரிய இடத்தைப் பிடித்துவிட்டார். லொரெய்ன் வாண்டர்ஸ்லூட், ஹோட்டல் முதலாளியம்மாள். அன்றைக்கு மத்தியானம் பட்டறைக்கு வந்தார். பறவைகளைப் பார்த்துத் திறந்த வாயை மூடவில்லை.

“கிளைவ், நீங்க விவரம் தெரிஞ்சவர். சொல்லுங்க, இது எப்படி?”

கிளைவுக்கு அந்தப் பறவைகள் என்றால் உயிர். தனியாக இருந்தால் கண் கலங்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “மோசமில்லை,” என்றார்.

“நீ என்னம்மா சொல்றே?”

“ஐயோ, இதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. குடைக் குப்பை. ஏதோ ஒட்டி வெச்சிருக்கேன்.”

அவர்கள் ஊர் வழக்கம் அது. தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ள வேண்டும், எதிராளி “சேச்சே, யார் சொன்னது?” என்று தூக்கி நிறுத்த வேண்டும். லொரெய்ன் தூக்கி நிறுத்தவில்லை. அப்படியே நம்பிவிட்டார். “உண்மையைச் சொன்னதுக்கு ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நான் பாட்டுக்கு வாங்கியிருப்பேன்!” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அப்புறம்தான் அந்தச் சண்டை.

“சரி விடு, அடுத்த வருஷம் வேற யார்கிட்டயாவது ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தார் கிளைவ்.

“அடுத்த வருஷம் நான் மீன் பொரிச்சுக்கிட்டிருப்பேன்!” க்வெண்டா உள்ளே ஓடி ஒரு பறவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து தடதடவென்று படியிறங்கினாள்.

“நில்லு! என்ன பண்ணப் போறே?”

“தற்பெருமை!”

“ஐயையோ, நடுத்தெருவிலயா?”

லொரெய்ன் காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். க்வெண்டாவின் காது இரண்டும் வெந்த நண்டாகச் சிவந்தன.

“அம்மா, மேல நான் சொன்னது பொய். இது... நல்லாயிருக்கு.” பறவையை உயரத் தூக்கிக் காட்டினாள். “பிரமாதமா இருக்கு! இந்த ஊர்ல என்னை மாதிரி பறவை செய்ய ஆளே கிடையாது!” சொல்லிவிட்டு வாந்தி வருகிறவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடிப்பாவி! இதை மேலயே சொல்லித் தொலைச்சா என்ன? நான் ஆசைப்பட்டதை நீயே குப்பைன்னுட்டியே!” ஹோட்டல் கூடத்துக்கு ஒரு கூட்டம் பறவை வேண்டும் என்று லொரெய்ன் நின்ற இடத்திலேயே பேசி முடித்து முன்பணமும் கொடுத்தார்.

கிளைவ் சந்தோஷப்பட்டாரா? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழவு சொல்கிற முகத்தோடு அறிவித்தார். “நல்ல பொண்ணு. கைவிட்டுப் போயிட்டா. அமெரிக்காக்காரியாவே மாறிட்டா.” வந்திருந்தவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். கைதூக்கிவிடுகிறவருக்கு, தானே எழுந்து நின்றுவிட்டவளால் என்ன உபயோகம்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மச்சினன் படம் வரைகிறானாமே என்று வேலை கொடுக்கக்கூடிய ஒருவர் விசாரித்தபோது, “ஏதோ பண்றான், பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, பையனுக்கு ஒரு வழி பண்ணிவிட்ட திருப்தியில் வயிறாரச் சாப்பிட்டது யார்? புகழ நாக்கு எழவில்லையென்றால் க்வெண்டா மாதிரி பழகிக்கொள்ளுங்கள். முன்பணத்தில் அவள் முதலில் வாங்கியது, எதிரே நின்று பெருமை பேசிப் பழக ஒரு நிலைக்கண்ணாடி. பழைய சாமான் கடையில் பதினெட்டு டாலர்தான்.