கொதித்த காரும் கொதிக்காத சம்பந்தியும்

ரெய்னர்ஸ் லேன்,
ஞாயிறு.

பேரன்புக்குரிய மைத்துனர் லதீசனுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். ஜேர்மனியில் நீரும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் நீலச் சரி விழுந்தும் நீர் மறுமொழி போடாதபடியால் தபாலில் எழுதுகிறேன்.

ஈஸ்டர் லீவுக்கு வந்த நீர், "கராஜுக்கு ஏன் அத்தான், நான் மாத்தித் தாறன்" என்று என் கார் எஞ்சினின் மேல்பாகத்தை, சிலிண்டர் ஹெட்டை, மாற்றிவிட்டுப் பிளேன் ஏறினீர். அன்றிலிருந்து கார் கொஞ்சத் தூரம் ஓடினாலே கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. ஹீட்டரை முழுதாகப் போட்டால் மட்டும் சூடு காட்டும் ஊசி கொஞ்சம் இறங்கும். இந்த நிலைமையில்தான் எங்கள் மகள் மயூராவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய் தகப்பன் விம்பிள்டனிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். தங்கள் காரிலேயே வருகிறோம் என்றவர்களை, கௌரவத்தில் "நான் வந்து ஏத்துறன்" என்று மறித்துவிட்டேன்.

தகப்பன் ஞானேஸ்வரன் அண்ணை கோட்டும் டையுமாக முன்னுக்கு ஏறினார். தாய் நகுலேஸ்வரி அக்கா பட்டுச் சேலையோடு பின்னுக்கு. வெளியே ஜூலை வெயில், உள்ளே முழு ஹீட்டர். அண்ணை கோட்டைக் கழற்றினார், பிறகு டையை, பிறகு மேல் பொத்தானை.

"தம்பி, ஏசி வேலை செய்யேல்லையோ?"

"எனக்கு மூட்டுவாதம் அண்ணை. சூடு வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்."

"ஓம், ஓம்" என்றார். ஆனால் எங்கள் பரம்பரையில் வேறு என்னென்ன நோய் வருத்தம் இருக்கும் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் காரின் முன் பொனற்றிலிருந்து ஆவி கிளம்ப, ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் விட்டேன்.

"மூட்டுவாதம் காருக்குத்தான் போல" என்றார் அக்கா.

ஹெட் மாற்றின ஆளை மட்டும் மறைத்து உண்மையைச் சொன்னேன். "ஹெட் மாத்தினாப் பிறகே கொதிக்குது? காத்து எடுத்தவையோ?" என்று கேட்டார். சுவிஸில் இருந்த காலத்தில் அவர் கார் இதே சேட்டை விட்டதாம். எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டார். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. தண்ணீர் இறங்க இறங்க என்னை ஊற்றச் சொன்னார். நீர் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே அகப்பட்ட காற்று, லதீசன். வேறொன்றுமில்லை. பிறகு சாவியைத் தராமல் தானே ஓட்டினார். ஊசி நடுவில் அப்படியே நின்றது.

வாசலுக்கு வந்த மயூரா, எஞ்சின் அழுக்குப் பட்டுக் கறுத்த அக்காவின் கையைக் கண்டதும் தேநீர்த் தட்டை என்னிடம் தள்ளிவிட்டு, சவர்க்காரமும் துவாயும் எடுக்க ஓடினாள். "எனக்கு இவள் போதும்" என்றார் அக்கா. தையில் கலியாணம்.

குடும்பத்தோடு வாரும். ஆனால் என் காரைத் தூரத்தில் நின்று மட்டும் பாரும். ஹெட் மாற்றியது ஆர் என்று சம்பந்தி வீட்டுக்கு மூச்சும் விடமாட்டேன்.

மருமக்களுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
வெந்து நொந்த அத்தான்,
குகதாசன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது நகுலேஸ்வரி அக்கா போன் எடுத்தார். அவர்கள் காருக்கும் ஹெட் போய்விட்டதாம். "உங்கட காருக்குப் பூட்டின ஆள் ஆர்? வேலை நல்ல வடிவு, காத்து மட்டும்தான் மறந்துபோனார்" என்றார். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடும். எங்கள் குடும்பத்து எஞ்சினியர் வாற சனிக்கிழமை வந்து இறங்குவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டைப் போடும்.